பவானி பூட்டிய ராடு

…இது ஒன்று கழன்றால் தீர்ந்தது, மற்றதெல்லாம் நல்ல பிள்ளைகளாய்க் கழன்று வந்து டப்பாவில் கிடக்கின்றன, வலது சக்கரத்துப் பக்கம் இருக்கிற இந்த நட்டு மட்டும் காலையிலிருந்து மல்லுக்கு நிற்கிறது, மண்ணெண்ணெய் ஊற்றியாயிற்று, சுத்தியலால் தட்டியாயிற்று, வாய்க்கு வந்தபடி திட்டியும் ஆயிற்று, கடலைப் பார்த்தபடி நிற்கிற வண்டி, உப்புக்காற்று எந்த இரும்பைத்தான் விட்டுவைத்தது, வீட்டு ஜன்னல் கம்பியே தொட்டால் உதிர்கிறது… பவானி காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தாள். ஜாக்கியை மட்டும் நம்ப முடியாது என்று படகுக்கு முட்டுக் கொடுக்கிற மரக்கட்டைகளை இரண்டு பக்கமும் அடுக்கியிருந்தாள், தள்ளிப் பார்த்தாள், அசையவில்லை. புருஷன் வெற்றி இருந்திருந்தால் இதில் ஒரு குற்றமும் கண்டுபிடித்திருக்க முடியாது. அவன் விசைப்படகில் போய் நாலைந்து நாளாகிறது, கிளம்பும்போது என்ன சொன்னான், ‘மெக்கானிக்காண்ட வுடு, நீ ஏன் கைய வெக்கிற.’ ஏன் வைக்கக் கூடாது? அப்பாவின் ஃபைபர் படகு கரையில் நின்று இருமும்போதெல்லாம் டீசல் ஃபில்டரைக் கழற்றிக் கழுவி மாட்டியது யார், அண்ணனா? அண்ணனுக்கு எந்தப் பக்கம் சுற்றினால் கழலும் என்பதே தெரியாது, இந்தக் கைதான், வளையலைக் கழற்றி வைத்துவிட்டு இதே கைதான்…

தலைக்குப் பக்கத்தில் புது ராடு கிடந்தது. புதுசு என்றால் புதுப்பேட்டைப் புதுசு, வேறு எந்தக் காரிலிருந்தோ கழற்றியது, ஆனால் கட்டைவிரலைவிடத் தடிமன், பழையது சுண்டுவிரல்தான். இரண்டு பின்சக்கரங்களையும் சேர்த்துப் பிடிக்கிற கம்பி அது, வண்டி ஒரு பக்கம் சாயப் பார்த்தால் விடாமல் இழுத்துப் பிடிக்கும், ‘தடியா போட்டா அவ்ளோ சாயாதும்மா, ஆனா மழைல வளைவுல பொறுமையா போ, பின்னாடி வழுக்கும்’ என்று கடைக்காரர் ஷாகுல் ஹமீது சொல்லித்தான் கொடுத்தார், சாயாமல் இருந்தால் போதும், அன்றைக்குச் சாய்ந்த சாய்வு… எர்ணாவூர் வளைவில் கன்டெய்னர் லாரி ஒன்று சைகை காட்டாமல் உள்ளே வர, அவள் ஸ்டியரிங்கை ஒடிக்க, இந்த லான்சர் கார் அலையில் சிக்கிய கட்டுமரம் மாதிரி ஒருக்களித்துப் படுக்க, ஓட்டல்களுக்குக் கொண்டுபோகப் பின்சீட்டில் வைத்திருந்த ஐஸ் பெட்டி திறந்துகொண்டு இறாலும் ஐஸ் தண்ணியும் மாமியார் மங்கம்மா அத்தையின் மடியில், கழுத்தில், தலைமுடியில்… அத்தை வீட்டு வாசலில் இறங்கிய பிறகு, ‘இந்தக் கப்பல்ல இனிமே நான் ஏறமாட்டேன்மே’ என்றதோடு சரி. மறுநாளிலிருந்து அன்னக்கூடையோடு ஷேர் ஆட்டோ. ஓட்டல்காரர்களுக்கோ பவானி கொண்டுபோனால் போதாது, அத்தை செவுளைத் தூக்கிக் காட்டி ‘துன்னு பாரு’ என்று சொன்னால்தான் மீன் மீனாகத் தெரியும், அத்தை இல்லாத கார் வெறும் பெட்டிதானே, அதனால்தானா இந்த ராடு, அதனால் மட்டும்தானா…

பம்பருக்கு அப்பால் இரண்டு பாதங்கள் வந்து நின்றன. மெட்டி, வெடித்த குதிகால், குதிகாலில் ஒட்டியிருந்த செதில். அத்தை வியாபாரம் முடித்து வந்துவிட்டாள், அவ்வளவு நேரமா ஆகிவிட்டது?

“இன்னாமே, காத்தாலேர்ந்து அடிலயே கீற, சோறு துன்ற எண்ணம் கீதா இல்லியா?”

“ஒரே ஒரு நட்டு அத்தே, கயல மாட்டேங்குது.”

பாதங்கள் போகவில்லை. ஸ்பேனரின் பிடியில் இரும்புப் பைப்பைச் செருகி நீட்டினால் பலம் கூடும், செருகியும் பார்த்தாயிற்று, படுத்துக்கொண்டு எவ்வளவுதான் அமுக்க முடியும், மேலேயிருந்து ஒரு கனம் வேண்டும்… கேட்கலாமா? கேட்டால் ஏறுவாளா? காருக்குள்ளேயே ஏறாதவள்… “அத்தே, வெளிய நீட்டிகினு கீதே பைப்பு, அதும்மேல ஏறி நில்லு.”

“நானா? வண்டி உம்மேல குந்திச்சினா?”

“கட்டை வெச்சிகீறேன், குந்தாது. நீ ஏறு.”

ஒரு பாதம் தரையை விட்டு எழுந்தது, பைப்பின் மேல் வந்தது, அப்புறம் அடுத்தது, முப்பது வருஷம் கூடை சுமந்த உடம்பு மொத்தமும் இறங்கியது, பைப் வளைந்தது, பவானி ஸ்பேனர் நழுவாமல் அழுத்திப் பிடித்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள், போச்சு, நட்டு உடையப் போகிறது, இல்லை என் மணிக்கட்டு… டக். துரு வாயெல்லாம் கொட்டியது. அத்தை தடுமாறி டிக்கியைப் பிடித்துக்கொண்டாள், வெளியே ஒரு சத்தம், அழுகிறாளா, அடிபட்டதா, இல்லை, சிரிக்கிறாள், கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்தச் சிரிப்பைக் கேட்டதில்லையே, எங்கே வைத்திருந்தாள்?

அதற்கப்புறம் கை தானாக ஓடியது. பழையதை உருவி, புது ரப்பர்களுக்குள் கிரீஸ் தடவி, தடித்த ராடைத் தூக்கி மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கிச் சக்கரம் பாரம் தாங்கிய பிறகு கடைசி முறுக்கு… தெருவே பார்க்கட்டும் என்றுதான் கிரீஸ் கையைத் துடைக்காமல் வெளியே வந்தாள். எதிர்வீட்டு வரலட்சுமி வாயைத் திறப்பதற்குள், “எம்மருமவ பூட்டுச்சி, நட்ட நாந்தான் கயட்டனேன்” என்றாள் அத்தை. பவானி சாவியை எடுத்து வந்து கதவைத் திறந்து வைத்தாள். அத்தை காரைப் பார்த்தாள், வரலட்சுமியைப் பார்த்தாள், புடவையை உதறிச் செருகிக்கொண்டு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

எர்ணாவூர் வளைவு. முன்னால் கன்டெய்னர் லாரிகளின் வரிசை, இடப்பக்கம் போதுமான சந்து, பவானி வேகத்தைக் குறைக்கவில்லை, ஸ்டியரிங்கைத் திருப்பினாள், சாய்வுக்காக அவள் உடம்பு தயாரானது, தோள் இறுகியது… வண்டி சாயவில்லை. தரையோடு ஒட்டிக்கொண்டு, கயிற்றில் இழுத்தது போல் வளைந்து நேரானது. நான் பூட்டியது, நான், என் கை… அத்தையைத் திரும்பிப் பார்த்தாள், பாராட்டுவாளா?

அத்தை ரோட்டைப் பார்க்கவில்லை. பவானியின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள், கிளட்சை, கியரை, மறுபடி காலை.

“இத்த ஓட்டக் கத்துக்க எம்மா நாளாவும்?”

பவானிக்குச் சிரிப்பு வந்தது, பாதியிலேயே நின்றது, அத்தை சிரிக்கவில்லை. ‘உனக்கெதுக்கு அத்தே இதெல்லாம்’ என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது, இது வெற்றி பேச்சாச்சே, என் வாயில் எப்படி… கத்துக்கலாம் அத்தே என்று சொன்னால் ஆயிற்று, ரெண்டே வார்த்தை, ஏன் வரவில்லை? கீழே பார்த்தாள். கிரீஸ் படிந்த அவள் கைகள் இரண்டும், யாரோ பிடுங்க வந்தது போல, ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தன.