அறுபத்திரண்டு முகங்கள்

ஜெயரூபன் கட்டுப்பல் செய்கிறவன். மட்டக்களப்பு நகரில் ஒரு பல் வைத்தியரின் கிளினிக்குக்குப் பின்னால், ஒற்றை ஜன்னல் வைத்த சின்ன அறைதான் அவனுடைய வேலைத்தலம். ஊரில் பாதிப்பேர் அவன் செய்த பல்லால்தான் இறைச்சி கடிக்கிறார்கள் என்று கிளினிக்கில் பகிடியாகச் சொல்வார்கள். நாற்பது வயது. கல்லடியில் வீடு, ஆசிரியையான மனைவி தக்ஷாயினி, நான்கு வயதில் விதுர்ஷா என்றொரு மகள். இத்தனையும் இருக்கிற மனிதன், ஒரு பெட்டி பிளாஸ்டிக் சிப்பாய்களை வாங்குவதா விடுவதா என்று இரண்டு மாதமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தான்.

"வாங்கிறதெண்டா வாங்குங்க, இல்லாட்டி விடுங்க," என்றாள் தக்ஷாயினி ஒருநாள் காலை. "சும்மா போனத் தடவிக்கிட்டு இரிக்காதிங்க. பாக்கவே எரிச்சலா இரிக்கி."

"விலையப் பாத்தியா?"

"பாத்தன். நீங்க குடிக்கிறயும் இல்ல, சிகரெட் பத்துறயும் இல்ல. ஒரு ஆசதானே."

அவள் அப்படிச் சொன்னது அவனுக்கு இன்னும் கஷ்டமாகிவிட்டது. அவள் மறித்திருந்தால் பழியை அவள்மேல் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பான். அந்தப் பெட்டிக்கு அவனுடைய ஒரு மாத உழைப்பில் முக்கால்வாசி போகும். சுங்கவரி வேறு. ஆனால் அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருந்தது. வாங்கி ஆரோடு விளையாடுவது?

அது தனியாக விளையாடுகிற விளையாட்டு இல்லை. விரல் உயரச் சிப்பாய்கள் துண்டு துண்டாகப் பெட்டியில் வருவார்கள். வெட்டி, ஒட்டி, மயிரளவு தூரிகையால் நிறம் தீட்டி, ஒரு படையாகச் சேர்க்க மாதக்கணக்காகும். பிறகு இரண்டு பேர் ஒரு மேசைக்கு இருபுறமும் நின்று, விதிப்புத்தகத்தை வைத்துக்கொண்டு, டைஸ் உருட்டிப் போர் நடத்துவார்கள். மட்டக்களப்பில் அந்த மேசைக்கு எதிர்ப்பக்கம் நின்றவன் ஒரேயொருவன். காத்தான்குடி அஸ்கர்.

அஸ்கர் கட்டாரில் வேலைசெய்து, அங்கே இதைப் பழகி, இரண்டு பெட்டியோடு ஊர் திரும்பியவன். வந்து ஹாட்வெயார் கடை போட்டான். தன் வாப்பாவுக்குப் பல் கட்ட வந்த இடத்தில்தான் ஜெயரூபனின் கைவேலையைப் பார்த்தான். ஒரு பல்லின் ஓரத்தில் பழுப்பு நிறத்தை ஜெயரூபன் தொட்டுத் தொட்டு ஏற்றுவதைப் பத்து நிமிடம் நின்று பார்த்துவிட்டு, "அண்ணன்... இல்ல, உன்ன மச்சான் எண்டே கூப்பிடுறன். உனக்கு ஒரு சாமான் காட்ட வேணும்," என்றான். அடுத்த வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து, கடை மேல்மாடியில் பிளைவுட் பலகை போட்டு, முதல் போர் நடந்தது. பிறகு ஆறு வருடம், ஊரடங்கு நாட்களைத் தவிர, வெள்ளிக்கிழமை தவறியதில்லை. நோன்பு மாதத்திலும் விளையாடினார்கள். அப்போது ஜெயரூபன் தண்ணீர்ப் போத்தலைக் கீழே கடையிலேயே வைத்துவிட்டு ஏறுவான்.

ஜெயரூபனின் படை கடல்வாசிகளின் படை. அறுபத்திரண்டு பேர். கவசமெல்லாம் நீலம். முகங்களைத்தான் அவன் வேறுமாதிரிச் செய்தான். கிளினிக்குக்கு வருகிறவர்களை மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சிப்பாய்க்கும் ஒவ்வொரு முகம் தீட்டினான். படைத்தலைவனுக்கு மண்டூர் சாமித்தம்பியின் முகம். பல்லுக் கட்ட வந்து, அளவெடுக்க வாயைத் திறக்கவே மாட்டேனென்று அடம்பிடித்த கிழவர் அவர். வெள்ளை மீசை, பாதி மூடிய இடது கண். அரிசி மணியளவு முகத்தில் அந்தக் கண்ணை வரைய மூன்று நாள் எடுத்தது.

இரண்டாயிரத்து இருபத்திரண்டில் நாடு படுத்துவிட்டது. பெற்றோல் வரிசை, காஸ் வரிசை. விதுர்ஷா கைக்குழந்தை. பால்மா கிடைக்கவில்லை. கிடைத்தாலும் வாங்க வழியில்லை. பல் கட்ட வருகிறவர்களும் நின்றுபோனார்கள். அப்போதுதான் அஸ்கர் சொன்னான்.

"மச்சான், இந்தக் காலத்துல இதக் கட்டிப்புடிச்சிக்கிட்டு இரிக்க ஒண்ணா. ரெண்டு பேரும் வித்துப்போட்டு விடுவம். கொழும்புல ஒரு ஆள் இரிக்கான், எடுக்கிறன் எண்டு சொல்றான்."

"உன்டயும் விக்கப்போறியா?"

"ஓம். நீ இல்லாம நான் என்ன, செவரோடயா விளையாடுற?"

அறுபத்திரண்டு பேரையும் ஜெயரூபனே பஞ்சு வைத்துச் சுற்றி, முட்டைத் தட்டுகளில் அடுக்கி, கொழும்புக்கு அனுப்பச்சொல்லி அஸ்கரிடம் கொண்டுபோய்க் கொடுத்தான். கிடைத்த விலை கொஞ்சம்தான். இரண்டு மாதப் பால்மாவுக்குச் சரியாகப் போய்விட்டது. அன்றைக்கு அஸ்கரின் கண்ணும் கலங்கியது. அது ஜெயரூபனுக்கு நன்றாக நினைவிருந்தது.

அதற்குப் பிறகும் இருவரும் நண்பர்கள்தான். பெருநாளைக்கு வட்டிலப்பம் வரும், பொங்கலுக்குப் பொங்கல் போகும். அதனால்தான் புதுப் பெட்டி வாங்கும் யோசனையை முதலில் அஸ்கரிடமே சொன்னான்.

"விசரா உனக்கு?" என்றான் அஸ்கர். "அந்த வெலைக்கு ஒரு நல்ல பிரிட்ஜ் எடுக்கலாம். பொம்புளப் புள்ள வளருது. நான் அந்தப் பக்கம் தலவைச்சே மூணு வருசம். திரும்பியும் வராத மச்சான், கையச் சுட்டுக்குவாய்."

நியாயமான பேச்சாகத்தான் இருந்தது. ஆனாலும் ஆசை அடங்கவில்லை. கொழும்பில் இந்த விளையாட்டை விளையாடுகிறவர்களுக்கு முகநூலில் ஒரு குழு இருப்பதைத் தேடிப்பிடித்து, உள்ளே சேர்ந்து, ஒரு கேள்வியை எழுதிப் போட்டான். மூன்று வருடம் விட்டிருந்தவன் இவ்வளவு விலை கொடுத்துத் திரும்பி வருவது பெறுமதியா? தான் மட்டக்களப்பு, பக்கத்தில் விளையாட ஆளில்லை என்றும் சேர்த்து எழுதினான்.

மதியச் சாப்பாட்டுக்குள் பதில்கள் வந்து குவிந்தன. வாங்காதே, புது விதிப்புத்தகம் வந்தால் பழைய படை உதவாது என்றார் ஒருவர். வேண்டாம், காணி வாங்கு என்றார் இன்னொருவர். வினாயகமூர்த்தி என்று ஒருவர், சொந்த ஊர் மண்டூர், கொழும்பில் வங்கியில் வேலை, தமிழில் நீளமாக எழுதியிருந்தார்.

"தம்பி, ஆளில்லை என்று யார் சொன்னது? உங்கள் பக்கத்திலிருந்து ஒருவர் இரண்டு மாதத்துக்கு ஒருக்கா இங்கே வந்து விளையாடுகிறார். போன வருடப் போட்டியில் அழகாகத் தீட்டிய படைக்கான பரிசும் அவருக்குத்தான். முகங்களைப் பாருங்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஆள்!"

கீழே ஒரு படம்.

ஜெயரூபன் சோற்றுப் பார்சலை ஒருபக்கம் தள்ளிவைத்தான். படத்தில் அஸ்கர் ஒரு கேடயத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி நின்றான். முன்னால் மேசையில் சிவப்பும் பொன்னுமாக ஒரு படை. இந்தச் சிப்பாய்களை யாரும் வாங்கலாம், யாரும் சிவப்புத் தீட்டலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, படத்தை விரலால் பெருப்பித்தான். முன்வரிசையில் படைத்தலைவன். வெள்ளை மீசை. பாதி மூடிய இடது கண்.

அன்று பின்னேரம் வரை அவனால் ஒரு பல்லையும் வைக்க முடியவில்லை. ஒரு பெண்ணுக்குக் கொடுக்கவேண்டிய பல் செட்டை நாளைக்கு வந்து எடுக்கச்சொல்லிவிட்டு, மோட்டார்சைக்கிளை எடுத்தான். கல்லடிப் பாலத்தைக் கடந்து, வீட்டு ஒழுங்கைக்குத் திரும்பாமல் நேரே ஓடினான். நாவற்குடா தாண்டும்போது, இதற்கு வேறு ஏதாவது விளக்கம் இருக்கும் என்று தோன்றியது. கொழும்பு ஆளிடமிருந்து அஸ்கர் திருப்பி வாங்கியிருக்கலாம். தனக்கே ஒருநாள் தந்து ஆச்சரியப்படுத்த நினைத்திருக்கலாம். காத்தான்குடிச் சந்தி வரைக்கும் அந்த நினைப்பு அவனைக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

அஸ்கர் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தான். "வா மச்சான்! டீ சொல்லவா?"

"அந்தக் கொழும்பு ஆள்ர பேர் என்ன?"

"எந்த ஆள்?"

"நம்மட படைய வாங்கின ஆள்."

அஸ்கர் ஆணியைத் தராசிலிருந்து கடதாசியில் கொட்டி, சுருட்டி, நின்றவரிடம் கொடுத்து, மிச்சக் காசையும் கொடுத்தான். "மறந்துபோச்சு," என்றான் கடைசியில். "எத்தின வருசம்."

ஜெயரூபன் போனை எடுத்து மேசையில் வைத்தான். அஸ்கர் படத்தைப் பார்த்தான். பிறகு மேல்மாடிப் படியில் ஏறினான். ஜெயரூபன் பின்னால் போனான்.

அதே பிளைவுட் பலகை. சுவரில் புதிதாக ஒரு கண்ணாடி அலுமாரி. அதற்குள் மேல்தட்டில் அஸ்கரின் பழைய படை, ஒன்றும் விற்கப்படாமல். கீழ்த்தட்டில் சிவப்புப் படை.

"கொழும்பு ஆள் எண்டு ஒரு ஆளும் இல்ல," என்றான் அஸ்கர். "நான்தான் எடுத்த."

"ஏன் பொய் சொன்ன நீ?"

"நான் வாங்குறன் எண்டு சொன்னா நீ காசு எடுத்திருக்க மாட்டாய். சும்மா தந்திருப்பாய். வீட்டுல புள்ளைக்குப் பால்மா இல்ல. வேற என்ன செய்யிற?"

ஒரு நிமிடம் ஜெயரூபனுக்கு அது உண்மையாகவே பட்டது. அப்படித்தான் அவன் செய்திருப்பான். கோபம் இறங்கப் பார்த்தது. ஆனால் கண் அலுமாரியை விட்டு வரவில்லை.

"சரி. அப்ப ஏன் நிறத்த மாத்தின?"

அஸ்கர் அலுமாரிக் கண்ணாடியிலிருந்த ஒரு விரலடையாளத்தைத் துடைத்தான்.

"போன மாசம் கேட்டனே, திரும்பி வரட்டா எண்டு. பிரிட்ஜ் எடு எண்டு சொன்னாய். ஏன்?"

அஸ்கர் கதிரையில் இருந்தான். மூத்த ஆள் மாதிரி இரண்டு முழங்காலிலும் கையை ஊன்றிக்கொண்டான்.

"ஆறு வருசம் இந்த மேசையில நான்தான் தோத்த," என்றான். "கணக்குப் பாத்தா, பத்துல ஒண்டு வெண்டிருப்பன். தீட்டுறதுலயும் நீதான். ஆரும் வந்து பாத்தா உன்ட படையத்தான் பாப்பானுகள். கொழும்புக்குப் போனா என்னயும் ஒரு ஆளா மதிக்கிறானுகள் மச்சான். நீ அங்க வந்தா..."

"நீ முழுசாத் தீட்டல்லயே," என்றான் ஜெயரூபன். "முகத்த விட்டுட்டாய்."

"எனக்கு அந்தக் கண் வராது. ரெண்டு மூணு தரம் முயற்சி செஞ்சன். ஒண்ட நாசமாக்கினதுதான் மிச்சம்."

"அப்ப அந்தப் பரிசு?"

அஸ்கர் முகத்தைத் தேய்த்துக்கொண்டான். பிறகு எழுந்து அலுமாரியைத் திறந்தான். "எடுத்துட்டுப் போ. எல்லாத்தையும். ஒரு சதமும் வேணாம். வெள்ளிக்கிழம வா, பழையபடி விளையாடுவம். வல்லாஹி, இனி ஒளிக்க ஒண்டும் இல்ல."

ஜெயரூபன் படைத்தலைவனைக் கையில் எடுத்தான். சிவப்பு தடிப்பாகப் பூசப்பட்டு, கவசத்தின் செதில் வேலைப்பாடு அடைபட்டிருந்தது. அதை வைத்துவிட்டு, "வேணாம்," என்றான். "வாங்கின நீ வைச்சிக்க. வித்தது வித்ததுதான்." படியில் இறங்கினான். அஸ்கர் பின்னாலிருந்து இரண்டு தரம் கூப்பிட்டான். கீழே ஆணி வாங்க இன்னொருவர் வந்து நின்றார்.

வீட்டில் எல்லாவற்றையும் தக்ஷாயினியிடம் சொன்னான். அவள் அஸ்கரை ஏசுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் அழுதாள். "அந்தப் பால்மாக் காசுக்கு நான் அவருக்கு எத்தின தரம் நன்றி சொன்ன," என்றாள். "போற வாற இடமெல்லாம் சொன்ன."

புதுப் பெட்டி வாங்கவில்லை. குழுவில் கேட்டிருந்த கேள்வியை அழிக்கப் போனான். அதற்குள் வினாயகமூர்த்தியிடமிருந்து தனியாக ஒரு செய்தி வந்திருந்தது. வருகிற மாதம் மூன்றாவது ஞாயிறு வாருங்கள், படை இல்லாவிட்டால் பரவாயில்லை, நான் இரவல் தருகிறேன் என்று எழுதியிருந்தார். அந்தப் பரிசைப் பற்றி அவரிடம் எல்லாவற்றையும் எழுதிவிட ஜெயரூபனுக்கு மனம் உந்தியது. நீளமாக எழுதினான். வாசித்துப் பார்த்தான். வாசிக்க வாசிக்க, தன்னைத்தான் மடையனாகக் காட்டியது. அழித்துவிட்டு, "அஸ்கர் வருவாரா?" என்று மட்டும் கேட்டான். இந்தமுறை வரவில்லையாம், கடையில் வேலை அதிகமாம் என்று பதில் வந்தது.

அந்த மூன்றாவது ஞாயிறுக்கு முதல்நாள் காலை ரயிலில் போனான். வெள்ளவத்தையில் தக்ஷாயினியின் சின்னம்மா வீட்டில் தங்கினான். ஞாயிறு, ஒரு டியூஷன் வகுப்பின் மண்டபத்தில் ஐந்து மேசை. வினாயகமூர்த்தி சொன்னபடி ஒரு படையை இரவல் கொடுத்தார். எதிரே ஸாதியா என்றொரு பெண். தெஹிவளையில் மருந்துக்கடை வைத்திருப்பவள். கலகலப்பாகப் பேசினாள், விதியில் மாறியதையெல்லாம் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். அரை மணித்தியாலத்தில் அவனுடைய கைக்குப் பழைய கணக்கெல்லாம் திரும்பி வந்தது. ஒரு பக்கத்தை வேண்டுமென்றே பலவீனமாகக் காட்டி, அவளை உள்ளே இழுத்தான். அவள் அதைக் கண்டுபிடித்து, "அடடா!" என்று சிரித்தாள். அவனும் சிரித்தான்.

பிறகு அவள் தன் குதிரைப்படையை நகர்த்தினாள். குதிரைகள் ஒரு தரத்துக்கு ஒன்பது அங்குலம்தான் நகரலாம் என்பது விதி. டேப்பைப் பிடித்து அளந்து, ஒன்பது அங்குலம் என்றாள். ஜெயரூபனுக்கு அது ஒன்பதரைபோலத் தெரிந்தது. டேப்பின் நுனி அவளுடைய விரலுக்குக் கீழே மறைந்திருந்தது. அஸ்கரோடு விளையாடிய ஆறு வருடத்தில், அவன் அளந்ததை இவன் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை.

"திரும்பியும் ஒருக்கா அளப்பமா?" என்றான்.

பக்கத்து மேசைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். ஸாதியா ஒன்றும் நினைக்கவில்லை. "அளப்பமே," என்று சொல்லி, டேப்பின் நுனியை நன்றாகத் தெரியவைத்து அளந்தாள். சரியாக ஒன்பது.

"சொறி," என்றான்.

"இதுல என்ன. எல்லாரும் கேக்கிறதுதான்."

ஆட்டம் முடிவதற்குள் இன்னும் இரண்டு தரம் கேட்டான். இரண்டு தரமும் அவள் அளந்தது சரியாகவே இருந்தது. ஒவ்வொருமுறையும் அவனுக்குக் காது சூடாகியது. ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. கடைசியில் சின்ன வித்தியாசத்தில் அவள் வென்றாள்.

மண்டபத்துக்கு வெளியே நிற்கும்போது தக்ஷாயினி போன் எடுத்தாள்.

"எப்பிடிப் போச்சு? நல்லா இரிந்ததா?"

"தோத்துட்டன்."

"அதுவா கேட்ட நான்? இவ்வளவு தூரம் போனது பெறுமதியா இரிந்ததா?"

உள்ளே ஸாதியா தன் குதிரைகளைப் பெட்டிக்குள் அடுக்குவது கண்ணாடிக்குள்ளால் தெரிந்தது.

"தெரியா," என்றான். "விளையாட்டு நல்லம். எனக்குத்தான் இப்ப ஆரையும் நம்ப ஏலாம இரிக்கி."

"மறுகா? இனிப் போக மாட்டிங்களா?"

"அடுத்த மாசமும் வாறன் எண்டு சொல்லிட்டன்."