பெங்களூரில் ஆறு வருடம்

ஷமீம் பானு பெங்களூரைக் கண்ணால் கண்டதில்லை. ஆனால் அவளுடைய பயோடேட்டாவின்படி, கல்லூரி முடித்த நாளிலிருந்து ஆறு வருடமாக அங்கே சாஃப்ட்வேர் டெஸ்டிங் பார்க்கிறாள். அந்த ஆறு வருடத்தை அருளியவன் சென்னைக் கன்சல்டன்சி பென்னி. உண்மையில் அவ்வளவு காலமும் அவள் தென்காசியில் ஒரு ஜவுளிக்கடையின் பில் கவுண்டரில் நின்றிருந்தாள். நிற்பதுதான் வேலை, உட்கார்ந்தால் முதலாளிக்குப் பொறுக்காது.

"கடையை அடியோட மறந்துருங்க மேடம். அனுபவம் இல்லாத ஆளை எவனும் கூப்பிட மாட்டான்" என்று பென்னி ஃபோனில் சொல்லியிருந்தான்.

டெஸ்டிங்கை அவள் நிஜமாகவே ஆன்லைனில் படித்திருந்தாள். பாடம் மண்டையில் ஏறிவிட்டது. ஏறாதது பெங்களூர்தான். வீட்டுக்காரரின் தங்கை சஃப்ரின் சாயங்காலமானால் உட்கார்ந்து கேள்வி கேட்பாள்.

"டீம் லீடர் பேரு?"

"ஷெர்லின்."

"மத்தியானம் எங்கன சாப்பிடுவீங்க?"

"குடோன்ல, துணி மூட்டைக்குப் பின்னால."

சஃப்ரின் தலையில் அடித்துக்கொண்டாள். "மதினி, நீங்களே உங்களைக் காட்டிக் குடுத்துருவீங்க போலருக்கே."

வேலையை விட்டு நின்றபோது முதலாளி, "போ, போ. திரும்பி இங்கனதான வருவே" என்று எல்லோர் முன்னாலும் சிரித்திருந்தார். இந்த டெஸ்டிங் வேலை கிடைக்காவிட்டால் அந்த முகத்தில்தான் போய் விழிக்க வேண்டும்.

ஆன்லைன் இண்டர்வியூ நாளில் பார்த்துத் தென்காசியில் மாதாந்திர மின்தடை. ஜெனரேட்டர் இருக்கிறதே என்று குற்றாலத்தில் சொந்தக்காரரின் லாட்ஜில் அறை எடுத்தார்கள். சீசன் நேரம். அருவியில் குளித்தவர்கள் ஈரத்துண்டோடு வராந்தாவில் கூச்சலிட்டபடி போனார்கள். சாரலுக்காக ஊரே ஜன்னலைத் திறந்து வைத்திருக்க, இவர்கள் சத்தத்துக்குப் பயந்து எல்லாவற்றையும் அடைத்து, ஃபேனையும் நிறுத்திவிட்டு வேர்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

திரையில் வந்தவர் பெயர் மகாதேவன். கொஞ்ச நேரம் இங்கிலீஷில் கேட்டார். பெங்களூர்க் கேள்விகளை அவள் எப்படியோ தாண்டினாள். பிறகு அவர் அவளுடைய விலாசத்தைப் பார்த்தார்.

"சொந்த ஊரு தென்காசியா? நான் வாசுதேவநல்லூரு." அதற்கப்புறம் தமிழ்தான். "நம்ம சாஃப்ட்வேர் ஜவுளிக்கடைக்குப் பில் போடுதது. ரெண்டு சேலை எடுத்தா ஒண்ணு இலவசம்னு ஆஃபர் போட்டா, என்னெல்லாம் டெஸ்ட் பண்ணுவீங்க?"

ஷமீம் பானுவுக்கு உடம்பே லேசாகிவிட்டது. கவுண்டரில் பட்ட பாடெல்லாம் வாயில் வந்து நின்றது.

"இலவசத்த வீட்டுல வச்சுக்கிட்டு, வாங்குனதுல ஒண்ணத் திருப்பிக் கொண்டு வருவாங்க சார். அப்போ அந்த ஆஃபரே செல்லாதுன்னு பில்லுக்குத் தெரியணும். பாதி பில்லுல கரண்ட் போயிரும். வந்ததும் அடுத்த ஆளு சேலை இவங்க கணக்குல ஏறி நிக்கும். சண்டை நம்ம கூடத்தான்."

மகாதேவன் முகம் மலர்ந்துவிட்டது. "இது படிச்சு வாறது இல்ல. எங்கயாவது கடையில பில் போட்டிருக்கீங்களா? அப்படி ஒரு ஆளத்தான் நாங்க தேடுதோம். பெங்களூர் அனுபவத்தோட எத்தனையோ பேரு வருதாங்க."

ஆமாம் என்றால் பெங்களூர் பொய். பெங்களூர் பொய் என்றால் பயோடேட்டா முழுக்கப் பொய். அவள் நிமிர்ந்து சஃப்ரினைப் பார்த்தாள். லாப்டாப்புக்குப் பின்னால் சஃப்ரின் வேண்டாம், வேண்டாம் என்று கையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"இல்ல சார். கேள்விப்பட்டதுதான்."

"சரிங்க." அவர் முகம் பழையபடி ஆபீஸ் முகமானது. "பாத்துட்டுச் சொல்லுதோம்."

திரை அணைந்ததும் சஃப்ரின் ஜன்னலைத் திறந்துவிட்டாள். ஷமீம் பானு எழுந்திருக்கவில்லை. ஆறு வருடம் நின்ற நிலை, ஒரு வார்த்தையில் இல்லாமல் போயிருந்தது.

பென்னியின் ஃபோன் வந்தது. "கடையப் பத்தி மூச்சு விடலையே?"

"விடல."

"சூப்பர் மேடம். இப்பதான் நீங்க அனுபவசாலி மாதிரி பேசுதீங்க."