போட்டியாளர்: சூரியன்

'உங்கள் போட்டியாளர் யார்?' என்ற கட்டத்துக்கு நேராக மாரிசெல்வி ஒரே ஒரு சொல்தான் எழுதியிருந்தாள். சூரியன்.

ஸ்ரீபெரும்புதூரில் பெண்களுக்கு நடந்த பத்து நாள் தொழில் பயிற்சி அது. மற்றவர்கள் எதிரே உள்ள டிபன் கடை, பக்கத்துத் தையல் கடை என்று எழுதியிருந்தார்கள். வகுப்பெடுத்த சந்திரலேகா மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"நீங்க என்னம்மா விக்கப் போறீங்க?"

"தூக்கம், மேடம்."

"கொசுவத்தி ஏஜென்சியா?" என்றது பின்வரிசைக் குரல். வகுப்பே சிரித்தது. மேடம் மட்டும் சிரிக்கவில்லை.

"நாலு பேர வெச்சு ஒரு நாள் நடத்திப் பாருங்க. அவங்க என்ன பண்றாங்களோ, அதுதான் திட்டம். இதெல்லாம் வெறும் காகிதம்."

இரண்டு ஆண்டுகள் செல்போன் கம்பெனியில் நைட் ஷிப்ட் பார்த்தவள் மாரிசெல்வி. பகலில் தூங்கும் பாடு அவளுக்குத் தெரியும். ஜன்னல் இடுக்கில் வெயில், பக்கத்து வீட்டுக் குக்கர் விசில், பின்னால் நகரும் லாரியின் பாட்டு. தூக்கம், நிறுத்தத்தில் நிற்காமல் போகும் கம்பெனி பஸ் மாதிரி, கண்ணுக்குத் தெரிந்தபடியே போய்விடும். அதனால்தான் பகலிலும் இரவாகவே இருக்கும் ஓர் அறையை அவள் நினைத்துக்கொண்டே இருந்தாள்.

வடக்குப்பட்டில் அவள் குடியிருந்த வீட்டின் மாடி அறை காலியாக இருந்தது. வீட்டுக்கார காந்திமதி அக்கா கறாராகச் சொல்லிவிட்டாள்.

"வெள்ளிக்கெழம உன் ஆளுங்க ரெண்டு மணி வரைக்கும் தூங்கட்டும். தூங்குனா ரூம் உனுக்கு. இல்லன்னா தண்ணி கேன்காரன் ரூமுக்கு காத்துகினு கீறான்."

அறை கிடைக்காவிட்டால் ஞாயிற்றுக்கிழமை சொந்த ஊரான கோவில்பட்டிக்குத் திரும்ப வேண்டியதுதான். கம்பெனியில் ஒப்பந்தம் போன மாதமே முடிந்துவிட்டது.

ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி அடித்தாள். கதவிடுக்கில் பழைய பஞ்சைத் திணித்தாள். சூடு இறங்காமலிருக்க மொட்டை மாடியில் ஈரச் சாக்குகளை விரித்தாள். வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குப் பழைய கம்பெனித் தோழி எழிலரசியும் இன்னும் மூன்று பெண்களும் ஷிப்ட் முடிந்து வந்தார்கள். கதவைச் சாத்தியதும் அறைக்குள் இரவு இறங்கியது. காந்திமதி அக்கா மணிமங்கலம் கோயிலுக்குப் போயிருந்தாள். மாரிசெல்வி படிக்கட்டில் உட்கார்ந்து மூச்சொலிக்குக் காத்திருந்தாள்.

பேச்சொலி வந்தது.

"ஏட்டி, நீ ஸ்குரூ போடுத பிள்ளைதான?" அது எழிலரசி.

"ஆமா. நீ?"

"ஒனக்கு அடுத்தாப்புல டெஸ்டிங். எட்டு மாசமா ஒங் கண்ண மட்டுந்தான் பாத்திருக்கேன். முகமூடி போட்ருப்பியே."

"இப்ப அதுவும் தெரியலையே!"

சிரிப்பு, தண்ணீரில் விழுந்த கல்லைப் போல, வட்டம் வட்டமாக விரிந்தது. கதவைத் தட்டி, தூங்குங்கள் என்று சொல்லக் கையைத் தூக்கினாள் மாரிசெல்வி. கை அந்தரத்திலேயே நின்றது. உள்ளே பேச்சில் மணப்பாட்டுக் கடல் வந்துகொண்டிருந்தது. யாரோ வளர்த்த ஆட்டுக்குட்டி வந்தது. முகமில்லாத குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று மெல்லச் சாய்ந்தன.

"வெளிய யாரு?"

"நாந்தான்."

"உள்ள வாட்டி."

இருட்டில் சுவரைத் தடவி உட்கார்ந்தாள். யாரும் தன்னைப் பார்க்கவில்லை என்றதும் அவள் நாக்குக் கட்டு அவிழ்ந்தது. பகல் தூக்கத்தில் திரும்பத் திரும்ப வரும் கனவைச் சொன்னாள்: லைனில் போன்களுக்குப் பதில் பெண்கள் படுத்திருக்கிறார்கள், பெல்ட் அவர்களைச் சுமந்துகொண்டு கம்பெனிச் சுவரைத் தாண்டி, ஏரியைத் தாண்டிப் போகிறது, யாரும் அவர்களை எழுப்பவில்லை. சொல்லி முடித்தபோது யாருடைய கையோ அவள் கையைத் தேடிப் பிடித்தது.

இரண்டு மணிக்குக் கண் கூசியபடி வெளியே வந்தார்கள். கோயில் பிரசாதத்தோடு காந்திமதி அக்கா படியேறி வந்தாள்.

"நல்லா தூங்கிகினு கீறாளுங்க போல. மூஞ்சே சொல்லுதே!"

தலையை ஆட்டினால் போதும். அறை அவளுடையது.

"இல்லக்கா. ஒருத்தியும் தூங்கல. பேசிக்கிட்டே இருந்தோம்."

"தூங்குனாத்தான் ரூமுன்னு சொன்னனா இல்லியா?"

"சொன்னீங்கக்கா."

கீழே செருப்பு மாட்டிக்கொண்டிருந்த எழிலரசி நிமிர்ந்து பார்த்தாள். "ஏட்டி, நாளைக்கும் எட்டு மணிதான? இன்னும் ரெண்டு பேரு வாரேன்னு சொல்லுதாளுவ. கூட்டியாரவா?"

மாரிசெல்வி காந்திமதி அக்காவைப் பார்த்தாள். அக்கா கீழே நின்ற நான்கு முகங்களையும் பார்த்தாள். பிறகு அறைக்குள் எட்டிப் பார்த்தாள். பிரசாதத்தை மாரிசெல்வி கையில் கொடுத்துவிட்டு, புடவையைச் சேர்த்துப் பிடித்தபடி உள்ளே போனாள். பாய் சரசரத்தது.

"கேன்காரனாண்ட நான் சொல்லிக்கிறேன்," என்று இருட்டிலிருந்து குரல் வந்தது. "நீ உள்ள வந்து கதவ சாத்துடி. வெளிச்சம் வருது."