அவள் எனக்கும் பிள்ளைதான்

பாலேஸ்வரி வேலை செய்த கணக்கு அலுவலகம் டவுன்டவுனில், அடிலெய்ட் வீதியில் இருந்தது. மூன்றாவது பிள்ளையும் வயிற்றிலேயே இறந்து, லீவு முடிந்து வேலைக்குத் திரும்பிய கிழமை, சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்க மனமில்லாமல், யார் இந்த அடிலெய்ட் என்று ஃபோனில் தேடினாள்.

இருநூறு வருடத்துக்கு முன் இங்கிலாந்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போன ஜெர்மன் இளவரசி. மாப்பிள்ளை இருபத்தேழு வயது மூத்தவர். வேறொருத்தியிடம் அவருக்கு ஏற்கெனவே பத்துப் பிள்ளைகள். இவளுக்குப் பிறந்த முதல் பெண் சில மணித்தியாலமே உயிரோடிருந்தது. இரண்டாவதுக்கு மூன்று மாதம் நிறையவில்லை. பிறகு இரட்டைப் பிள்ளைகள், உயிரில்லாமல். கணவர் அரசரானபோது வெறும் மடியோடுதான் அவள் அரசியானாள். சிம்மாசனம் கணவருடைய தம்பி மகளுக்கென்றாயிற்று. அந்தப் பெண்ணின் தாயிடம் அவள் சொன்னாளாம்: என் பிள்ளைகள் செத்துவிட்டார்கள், உன் பிள்ளை இருக்கிறாள், அவள் எனக்கும் பிள்ளைதான்.

பாலேஸ்வரி அந்த வசனத்தோடு வாசிப்பதை நிறுத்திவிட்டாள். அவளுடைய கணவர் விநாயகமூர்த்தியின் தம்பி மனைவி நிரூபாவிடம் அப்போது ஒரு கைக்குழந்தை இருந்தது. லக்சிகா. நிரூபாவுக்கு எயார்போட்டில் பின்னேர ஷிஃப்ட். பிள்ளை வோபர்ன் பகுதியில் பெரியம்மா பாலேஸ்வரியின் வீட்டில்தான் வளர்ந்தது. பல் விழுந்ததும் சைக்கிள் பழகியதும் அங்கேதான்.

லக்சிகா பெரியபிள்ளையானதும் சாமத்தியவீட்டுச் சடங்குக்கு ஹோல் ஒன்றை வாடகைக்கு எடுத்தார்கள். பாலேஸ்வரி பிள்ளைக்குச் சுற்றும் ஆலாத்தித் தட்டுகளை அலங்கரிக்கத் தொடங்கினாள். வேலையில்லாத ஒரு பின்னேரம் நிரூபா வந்து, ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணியைத் தொடாமல் தள்ளிவைத்தாள்.

"அக்கா, குறை நினைக்காதேங்கோ. ஆலாத்தி நீங்கள் எடுக்க வேண்டாம். பிள்ளை பெத்த ஆக்கள்தான் எடுக்கவேணுமெண்டு அம்மா சொல்லிப்போட்டா."

"நானும் பெத்தனான், நிரூ. தங்கேல்லை, அவ்வளவுதான்." பிறகு சொன்னாள்: "லக்சிகா எனக்கும் பிள்ளைதானே."

நிரூபாவின் கண் கலங்கியது. "உதைச் சொல்லாதேங்கோ அக்கா. நீங்கள் உதைச் சொல்லேக்கையெல்லாம் எனக்குப் பயமாக் கிடக்கு. எனக்கு இருக்கிறது ஒண்டுதான்."

வேலையால் வந்த விநாயகமூர்த்தி, தம்பி வீட்டு விசேசம், பெரிதாக்க வேண்டாம் என்றார். அவள் பெரிதாக்கவில்லை. விசேசத்தன்று மேடைக்கு எட்டத்தில் ஒரு மேசையில் இருந்தாள். பெண்கள் சோடி சோடியாக ஏறி ஆலாத்தி சுற்றினார்கள். நகைப் பாரத்தோடு நின்ற லக்சிகா, நீங்கள் வரவில்லையா என்பதுபோலப் புருவத்தை உயர்த்தினாள். பாலேஸ்வரி சிரித்து, இல்லையென்று தலையாட்டினாள். பிறகு வோஷ்ரூமுக்குள் போய், தண்ணீரைத் திறந்துவிட்டு, மேளச் சத்தம் ஓயும்வரை நின்றாள்.

அடுத்த கோடையில் நிரூபா பகல் வேலைக்கு மாறினாள். குடும்பம் நகரத்துக்கு மறுபக்கம், மிசிசாகாவுக்குப் போய்விட்டது. லக்சிகா முதலில் தினமும் ஃபோன் எடுத்தாள். பிறகு பிறந்தநாளுக்கு மட்டும்.

ஒருநாள் பாலேஸ்வரி அந்த அரசியின் கதையில் மிச்சத்தையும் வாசித்தாள். தாய்க்காரி தன் மகளை அரசர் வீட்டுப் பக்கம் அதிகம் விடவேயில்லையாம். கணவர் போனபின் அரசி பன்னிரண்டு வருடம் நோயோடு கிடந்து செத்தாள். தன்னைப்போல் இன்னொருத்தி இருந்தாள் என்பதில் இப்போது எந்த ஆறுதலும் இல்லை.

அந்தச் சனிக்கிழமை, லக்சிகா படுத்த சின்னக் கட்டிலைக் கழற்றித் தரும்படி கணவரிடம் சொன்னாள். பிள்ளை எப்பவாவது வருவாள், கிடக்கட்டும் என்றார் விநாயகமூர்த்தி.

"வரமாட்டாள்," என்றாள்.

அவர் அறை வாசலிலேயே நின்றார். அவள் தனியாக மெத்தையை இழுத்துச் சுவரில் நிமிர்த்தி வைத்தாள்.