சராசரி நாற்பது நிமிடம்

பணிமனையில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுபவர் யாரும் இல்லை. ஆறு வருடமாகப் பதினேழாம் எண் பேருந்தை ஓட்டுவதால் எல்லோருக்கும் அவள் பதினேழக்கா. அந்தப் பேருந்து சந்தை, பள்ளிக்கூடம், பாலம், பூங்கா என்று சுற்றிக்கொண்டு போய் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும். காகிதத்தில் நாற்பது நிமிடம். அங்கே எட்டு நிமிடம் ஓய்வு, பிறகு திரும்ப வேண்டும். காலை வேளையில் அந்த எட்டு நிமிடத்தை அவள் கண்ணால் பார்த்ததே கிடையாது.

ஓட்டுநர்களின் ஓய்வறையில் தினமும் தவறாமல் நடக்கும் காரியம் ஒன்று உண்டு. நேர அட்டவணை போடும் ஆளைத் திட்டுவது. அந்த ஆள் ஆணா பெண்ணா என்றுகூட அங்கே யாருக்கும் தெரியாது. மூன்றாம் மாடியில் எங்கேயோ உட்கார்ந்து கம்ப்யூட்டரில் போடுவதாகக் கேள்வி. அதனால் பெயர் மேல்மாடி.

"இந்த மேல்மாடியைப் பெத்த அம்மாவைச் சொல்லணும்யா! எந்த நேரத்துல பெத்தாங்களோ, நமக்கு நேரமே இல்லாமப் போச்சு!" என்பார் மூத்த ஓட்டுநர். அவருடைய தொண்டையால் அவருக்கு விழுந்த பெயர் ஹாரன். அறையே சிரிக்கும். எல்லோரையும்விட பதினேழக்காதான் அதிகம் சிரிப்பாள்.

அதற்குக் காரணம் இருந்தது. மேல்மாடி வேறு யாருமல்ல, அவளுடைய சொந்த நாத்தனார். மேல்மாடியைப் பெத்த அம்மா அவளுடைய மாமியார். இதை அவள் பணிமனையில் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் அப்புறம் யார் அவள் முன்னால் வாய் திறப்பார்கள்?

நிர்வாகமும் சும்மா இருந்துவிடவில்லை. போன வருடம் வெளியிலிருந்து ஒரு நிபுணரை வரவழைத்தார்கள். அவர் வண்ண வண்ணமாகப் படம் போட்டுக் காட்டினார். 'மாற்றம் நம் கையில்' என்று நீளமாக ஒரு பேனர் கட்டினார்கள். பூட்டு போட்ட கருத்துப் பெட்டி ஒன்று சுவரில் ஏறியது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் பேனர் பழைய டயர்களை மழைக்கு மூடிக்கொண்டிருந்தது.

விஷயம் வெடித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டுச் சாப்பாட்டு மேசையில். நாத்தனாரும் மாமியாரும் அடுத்த தெருவிலிருந்து சாப்பிட வந்திருந்தார்கள். நாத்தனார் வாயில் சோற்றை வைத்துக்கொண்டே பேச்சை எடுத்தாள்.

"தப்பா நினைக்காதீங்க அண்ணி. பதினேழு காலைல எப்பப் பார்த்தாலும் லேட்டு. அதே வண்டி மத்தியானம் பூங்கா ஸ்டாப்புல நாலு நிமிஷம் சும்மா நிக்குது. கம்ப்யூட்டர்ல அப்படியே தெரியுது. இதுக்குப் பேரு சோம்பேறித்தனம்தானே?"

பதினேழக்கா தட்டிலிருந்து கையை எடுத்தாள். "காலைல ஆறு மணியிலிருந்து பத்தரை வரைக்கும் நான் ஒரு வாய் தண்ணி குடிக்கிறதில்ல. தெரியுமா உனக்கு?"

"ஏன்?"

"குடிச்சா பாத்ரூம் போகணும். போறதுக்கு நீ எங்க நேரம் வச்சிருக்க?"

கணவர் தங்கையைப் பார்ப்பதா மனைவியைப் பார்ப்பதா என்று தெரியாமல் குழம்புச் சட்டியைப் பார்த்தார். "சாப்பிடுற நேரத்துல சண்டை எதுக்கு?" என்றார் மாமியார். சண்டை போடும் எண்ணம் நாத்தனாருக்கு இல்லை. அவள் முகம் சிவந்திருந்தது. நாலு வருடமாக அட்டவணை போடுகிறாள். ஓட்டுகிற ஒருவர் வாயால் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டது அதுதான் முதல் தடவை.

"நாளைக்கு நான் லீவு போடறேன்," என்றாள். "உங்க வண்டியில வர்றேன் அண்ணி."

மறுநாள் காலை எட்டு பத்துக்கு வண்டி கிளம்பியபோது நாத்தனார் முன் இருக்கையில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தாள். வீட்டில் இரண்டு டம்ளர் டீ குடித்துவிட்டு வந்திருந்தாள். சந்தையில் கூடைக்காரர்கள் ஏறி முடிக்க நாலு நிமிடம் ஆனது. பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் கையைக் கோத்துக்கொண்டு சாவகாசமாகச் சாலையைக் கடந்தார்கள். பாலத்தில் வண்டி ஊர்ந்தது. சக்கர நாற்காலியில் ஒருவர் காத்திருக்க, பதினேழக்கா இறங்கிப் போய்ப் பலகையை விரித்து, அவரை ஏற்றி, பெல்ட்டை மாட்டிவிட்டு வந்தாள். ஒவ்வொன்றையும் நாத்தனார் எழுதிக்கொண்டாள். முதலில் நெற்றியைச் சுருக்கினாள். பிறகு உதட்டைக் கடித்தாள்.

ஆஸ்பத்திரி வாசலில் மணி சரியாக ஒன்பது. காகிதப்படி எட்டு ஐம்பத்தெட்டுக்கே அங்கிருந்து திரும்பியிருக்க வேண்டும்.

"அண்ணி, ஒரே நிமிஷம். பாத்ரூம் எங்க இருக்கு?"

"உள்ள, ரெண்டு கட்டடம் தள்ளி. நேரமில்ல, உக்காரு."

நாத்தனார் காலைப் பின்னிக்கொண்டு உட்கார்ந்தாள். திரும்பும் வழியெல்லாம் அவள் நோட்டில் ஒரு எழுத்துகூட விழவில்லை.

ஆனால் மத்தியான நடையில்தான் அவள் துள்ளிக் குதித்தாள். சாலை வெறிச்சோடிக் கிடந்தது. வண்டி பூங்கா ஸ்டாப்பில் நின்றது. ஏறவும் இறங்கவும் ஆள் இல்லை.

"இப்ப ஏன் நிக்கிறீங்க?"

"முன்னாடியே போய்ட்டா அடுத்த ஸ்டாப்புக்காரங்க வண்டியை விட்டுடுவாங்க. எனக்கு மெமோ வரும். உன் காகிதத்துல நாப்பது போட்டிருக்கு. மத்தியானம் முப்பதே போதும்."

நாத்தனார் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். திடீரென்று எழுந்து நின்று கத்திவிட்டாள். "அண்ணி! காலைல அம்பது, மத்தியானம் முப்பது! நான் போட்ட நாப்பது வெறும் சராசரி! ஒருத்தர்கூட, ஒரு தடவைகூட நாப்பது நிமிஷத்துல ஓட்டினதே இல்ல!"

வண்டியிலிருந்த இரண்டு பயணிகள் திரும்பிப் பார்த்தார்கள். "கத்தாதேம்மா, உக்காரு," என்றாள் பதினேழக்கா. அவளுக்கு அது ஆறு வருடமாகத் தெரிந்த விஷயம்தான். ஆனால் அதைக் கேட்டு இன்னொருத்தி குதிப்பாள் என்று அவள் நினைத்ததே இல்லை.

இனி மறைப்பதில் அர்த்தமில்லை என்று தோன்றியது. சாப்பாட்டு நேரத்தில் நாத்தனாரை நேராக ஓய்வறைக்கு அழைத்துக்கொண்டு போனாள். "இவ என் நாத்தனார்," என்றாள். ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு, "இவதான் மேல்மாடி," என்றாள்.

அறையில் இருந்த பதினோரு பேரும் திரும்பினார்கள். ஹாரனின் வாய்க்குப் போன ரொட்டி பாதி வழியில் நின்றது. கடைசியில் அவர்தான் எழுந்தார்.

"அம்மா தாயே, மன்னிச்சுக்கோங்க. உங்களை மட்டுமில்ல, உங்கம்மாவையும் சேர்த்துத் திட்டியிருக்கேன்."

"எங்கம்மா இவங்களுக்கு மாமியார்."

ஹாரன் பதினேழக்காவைப் பார்த்தார். கண்கள் விரிந்தன. "அடிப்பாவி! அதான் நீ மட்டும் அவ்வளவு சிரிச்சியா!"

அதற்கு எழுந்த சிரிப்பில் கட்டடமே அதிர்ந்தது. நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "சரி, திட்டினது போதும். எந்த இடத்துல எவ்வளவு நேரம் ஆகுதுன்னு சொல்லுங்க. எழுதிக்கிறேன்."

யார் முதலில் சொல்வது என்று அடிதடியாகிவிட்டது. மேசைமேல் பெரிய காகிதத்தை விரித்தார்கள். மத்தியானம் வீணாகும் பத்து நிமிடங்களை எடுத்துக் காலையில் போட்டால் போதும், புது வண்டி வேண்டாம், புது ஆளும் வேண்டாம் என்று ஹாரன் விரலால் வரைந்து காட்டினார். நாத்தனார் அவரை மறுத்துப் பேசினாள். அவர் பதிலுக்குக் கத்தினார். பத்து நிமிடத்தில் இருவரும் ஒரே பென்சிலைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அதன்பின் ஒவ்வொரு செவ்வாயும் சாப்பாட்டு டப்பாவோடு கீழே வந்துவிடுவாள் நாத்தனார்.

மூன்றாவது செவ்வாய்க்கிழமை வாசலில் மேலாளர் வந்து நின்றார்.

"இங்க என்ன மீட்டிங்? யார் அனுமதி குடுத்தது?"

"மீட்டிங் இல்ல சார், சும்மா பேசிக்கிட்டிருக்கோம்," என்றார் ஹாரன்.

"கருத்து இருந்தா பெட்டியில எழுதிப் போடுங்க."

"போட்டோம் சார். பெட்டிச் சாவி யார்கிட்ட இருக்கு?"

மேலாளர் தன் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தார். மேலாளரும் ஒரு காலத்தில் ஒன்பது வருடம் இதே பதினேழை ஓட்டியவர் என்பது பதினேழக்காவுக்கு நினைவு வந்தது. தன் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"உக்காருங்க சார். நீங்க பதினேழு ஓட்டினப்ப எவ்வளவு நேரம் ஆச்சு?"

"நான் ஓட்டினப்ப பாலமே கிடையாது. ரயில்வே கேட்டுதான். ஒரு தடவை மூடிட்டா கால் மணி நேரம் போச்சு. அப்ப அட்டவணை போட்டான் பாருங்க ஒருத்தன், அவனை மட்டும் என் கையில குடுத்திருந்தா..."

சட்டென்று நிறுத்தினார். சுற்றிலும் பதினோரு பேர் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் உட்கார்ந்தார். காகிதத்தைத் தன் பக்கம் திருப்பினார். முக்கால் மணி நேரம் எழவில்லை. எழும்போது, "ரெண்டு வாரம். பதினேழு மட்டும். சொதப்பினா பழையபடி," என்றார்.

திங்கட்கிழமை எட்டு பத்து. பதினேழக்கா முதல் நாள் வண்டி எடுத்ததைப் போல ஸ்டியரிங்கை இரண்டு தடவை துடைத்துவிட்டுப் பிடித்தாள். புதுக் காகிதத்தில் ஐம்பது நிமிடம். சந்தை தாண்டியது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சாவகாசமாகக் கடந்தார்கள், அவள் பல்லைக் கடிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பாலத்தில் ஊர்ந்தாள். ஆஸ்பத்திரி வளைவில் திரும்பும்போது வயர்லெஸ் கரகரத்தது. அதில் சொந்தப் பேச்சு பேசக் கூடாது என்பது விதி.

"பதினேழு, எங்க இருக்கீங்க?" மூன்றாம் மாடியிலிருந்து நாத்தனாரின் குரல் கீச்சிட்டது.

"ஆஸ்பத்திரி வாசல்."

"மணி?"

"எட்டு அம்பத்தொம்பது. ஒரு நிமிஷம் முன்னாடியே வந்துட்டேன்."

"அண்ணீ!" என்று ஒரு அலறல். அதற்குப் பின்னால் நாற்காலி விழும் சத்தம். அதற்கும் பின்னால் ஹாரனின் தொண்டை; ஓய்வறையிலிருந்து மூன்று மாடி ஏறி அங்கே போய் நின்றிருக்க வேண்டும். பதினேழக்கா வண்டியை அணைத்துவிட்டு இறங்கி, ஆஸ்பத்திரிக் கட்டடத்தை நோக்கி நடந்தாள். ஓடவில்லை, நடந்தாள். அந்த வாசலில் ஒரு பூவரச மரம் இருப்பதை அன்றுதான் கவனித்தாள்.

எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. வியாழக்கிழமை மழை கொட்டியது. வண்டி அறுபத்திரண்டு நிமிடம் எடுத்தது. பயணிகள் கத்தினார்கள். ஓய்வறையில் இரண்டு பேர், "சொன்னோம்ல, இதெல்லாம் தேறாது," என்று ஆரம்பித்தார்கள். ஆனால் இந்தத் தடவை மேல்மாடியை யாரும் திட்டவில்லை. திட்ட நேரம் கொடுக்காமல் அவளே குடையோடு இறங்கி வந்து, "மழைக்குன்னு தனியா ஒண்ணு போடணும், வாங்க," என்று காகிதத்தை விரித்துவிட்டாள்.

இரண்டு வாரம் முடிந்தபோது பதினேழு பழையபடி ஆகவில்லை. இருபத்துமூன்றாம் எண்ணும் ஒன்பதாம் எண்ணும் வரிசையில் நின்றன. மேலாளர் செவ்வாய்க்கிழமைகளில் தன் டப்பாவை எடுத்துக்கொண்டு கீழே வரத் தொடங்கினார். "வேலையா வந்தேன்," என்று சொல்லிக்கொண்டுதான் வருவார். ஓய்வறையில் நாற்காலி போதவில்லை.

அதற்கடுத்த செவ்வாய், பேச்சு உச்சத்தில் இருக்கும்போது கதவு தயங்கித் தயங்கித் திறந்தது. பட்டறை மெக்கானிக்குகள் மூன்று பேர், முழங்கை வரை கிரீஸோடு நின்றிருந்தார்கள். பத்து வருடத்தில் அவர்கள் அந்த அறைக்குள் கால் வைத்ததில்லை. ஓட்டுநர்களுக்கும் பட்டறைக்கும் ஏழாம் பொருத்தம்.

"பிரேக் விஷயமா ஒண்ணு சொல்லணும்," என்றார் நடுவில் நின்றவர். "நீங்க எல்லாம் கேப்பீங்கன்னா."

பதினேழக்கா எழுந்து பெஞ்சில் இடம் ஒதுக்கினாள். "முதல்ல உள்ள வாங்க. கிரீஸ் பட்டா பரவாயில்ல."