கேட்காமல் கொடுத்த மாத்திரை

சந்தை நாளென்றால் கடத்தூரில் அந்த மருந்துக்கடை முன்னால் நிற்க இடமிருக்காது. நாலைந்து கைகள் ஒரே நேரத்தில் மருந்துச் சீட்டை நீட்டிக்கொண்டிருந்தன. கடையில் வேலை பார்க்கும் காவியா ஒவ்வொன்றையும் போனில் படம் பிடித்தாள். டாக்டரின் கிறுக்கலைப் படித்து மருந்தின் பெயரையும் வேளையையும் ஏஐ செயலி உடனே சொல்லிவிடும். எடுத்துக் கொடுப்பது மட்டும்தான் அவள் வேலை.

டி.பார்ம் முடித்துச் சேர்ந்த புதிதில் சீட்டைப் படிக்கத் தடுமாறினாள். கடைக்காரர் ஜமீர் கூடவே நின்று, எந்த மருந்து எதற்கு, யாரிடம் என்ன விசாரிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். செயலி வந்ததும் சொல்லிக்கொடுப்பதை நிறுத்திவிட்டார். "அதான் போனே சொல்லுதேம்மா, வேகமா ஆளை அனுப்பு" என்று கல்லாவில் உட்கார்ந்துகொண்டார். காவியாவுக்கும் அது சௌகரியமாகவே இருந்தது.

அன்று வயிற்றெரிச்சலுக்குச் சீட்டு கொண்டுவந்தார் தக்காளி விவசாயி மாது. செயலி சொன்ன மாத்திரையை எடுத்து, "காலையில சாப்பாட்டுக்கு முன்னாடி ஒன்னு போடுங்கண்ணா" என்று கொடுத்துவிட்டு அடுத்த சீட்டை வாங்கினாள்.

மறுநாள் காலை மண்டியில் தக்காளிப் பெட்டி இறக்கும்போதே மாதுவுக்கு உடம்பெல்லாம் வியர்த்துக் கொட்டியது. கை நடுங்க, அப்படியே சாய்ந்துவிட்டார். தருமபுரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பையிலிருந்த மாத்திரையைப் பார்த்த டாக்டர் திடுக்கிட்டார். அது ரத்தத்தில் சர்க்கரையைக் குறைக்கும், சர்க்கரை நோய்க்கான மாத்திரை. மாதுவுக்கோ சர்க்கரை நோயே கிடையாது. சீட்டில் இருந்த வயிற்றெரிச்சல் மாத்திரையின் பெயரைச் செயலி தப்பாகப் படித்திருந்தது.

செய்தி கேட்டு ஜமீரும் காவியாவும் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். மாது கண் திறக்காமல் கிடந்தார். கைவழியே குளுக்கோஸ் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் மனைவி குள்ளம்மாள் காவியாவைப் பார்த்ததும் எழுந்து வந்தாள்.

"ஏம்மா, சர்க்கரை இருக்குதான்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா, இல்லைன்னு சொல்லியிருக்க மாட்டாரா?"

"அது சர்க்கரை மாத்திரைன்னே எனக்குத் தெரியலைங்கக்கா."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது என்னவென்று காவியாவுக்கு உறைத்தது. குள்ளம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது.

சாயங்காலம் மாது கண் விழித்து மனைவியை அடையாளம் கண்டுகொண்டார். உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள். ஆனாலும் திரும்பி வரும் பஸ்ஸில் காவியாவின் பதற்றம் அடங்கவில்லை.

"பாய், இதுக்கு முன்னாடி இப்படி எத்தனை பேருக்கு மாத்திக் குடுத்தேனோ?"

"எனக்கும் தெரியலம்மா. நாளைக்கு ஒவ்வொருத்தருக்கா போன் போட்டுக் கேக்கணும்." என்றார் ஜமீர். "தப்பு மொதல்ல என்மேலதான். உனக்கு வேலை கத்துக்குடுக்கறதை விட்டுட்டு அந்தப் போனை நம்பினேன். மெஷின் உதவிக்கு இருக்கட்டும், வேணாங்கல. ஆனா வேலையை நாம கத்துக்கிட்டிருந்தாத்தான் அது தப்பு சொல்றப்ப நமக்குத் தெரியும். கத்துக்காதவங்க கையில அதைக் குடுத்தா, அது என்ன சொன்னாலும் தலையாட்டத்தான் தோணும்."