பச்சைக் கம்பு நட்ட குழி

முழங்கால் ஆழமே இருந்த குழியில் மீன் வண்டிக்காரன் தன் வண்டியோடு முழுகிப்போனான். மழை விட்டு நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்த காலை அது. வண்டியில் காலிப் பெட்டிகளும், நொறுக்கிய ஐஸும், அவன் மனைவி கட்டிக்கொடுத்த சாப்பாடும் இருந்தன. பின்னால் டிராக்டரில் வந்தவர் பார்க்கப் பார்க்க முன்சக்கரம் இறங்கியது, பிறகு பேனட், பிறகு ஜன்னல் வழியே கையை நீட்டி 'வராதே, நில்' என்று சைகை காட்டிக்கொண்டிருந்த வண்டிக்காரன், கடைசியாகப் பின்கதவு. தண்ணீர் ஒரு சுற்றுச் சுற்றி அடங்கியது. டிராக்டர்காரர் பதறிப்போய்க் குழியில் குதித்தார். தண்ணீர் அவர் முழங்காலைத் தாண்டவில்லை. உள்ளங்காலுக்கு அடியில் எஞ்சின் ஓடுகிற அதிர்வு மட்டும் தெரிந்தது. குதித்ததில் கால் சுளுக்கி அவர் ரொம்ப நாள் நொண்டினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்; ஏனென்றால் இந்தக் கதையை அவர் எங்கே சொன்னாலும் சுளுக்குதான் முதலில் வரும்.

முனைக்குப் போகிற பாதை அது. ஊர் முடிகிற இடத்தில் தாரும் முடிந்துவிடும். அங்கிருந்து கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் முனைவரை சரளை, மணல், சேறு, மறுபடி சரளை. முனையில் மீன் உண்டு, மற்றது எதுவும் கிடையாது. குடிக்கிற தண்ணீர்கூட இந்தப் பாதையில்தான் போக வேண்டும். நல்ல சாலை போடுவதாகச் சொல்லி வந்தவர்கள் அளந்துவிட்டுப் போனார்கள். அளந்த நாடாவைச் சுருட்டிய கையோடு அந்தப் பேச்சையும் சுருட்டி வைத்துவிட்டார்கள். ஆகவே பாதையைப் பாதையாக வைத்திருந்தது ஒரே ஒரு முறைதான். யார் சக்கரம் முதலில் சிக்கியதோ, குழி அவனுடையது. அவன் தன் வண்டிக்கு அடித்த பெயிண்டில் ஒரு கம்பை நனைத்துக் குழியோரம் நட வேண்டும். கல் கொண்டுவந்து மூடிய பிறகுதான் கம்பைப் பிடுங்கலாம். அடுத்தவன் குழியில் கல் போடுவது அடுத்தவன் வீட்டு அடுப்பில் விறகு வைப்பது மாதிரி, மரியாதை இல்லை. ஆள் செத்துப்போனால் குழி அவன் வீட்டாருக்கு வரும். வீட்டிலும் படகிலும் பங்கு கேட்டுச் சண்டை போட்ட அண்ணன் தம்பிகள் அங்கே உண்டு. குழியில் பங்கு கேட்டு வந்தவன் ஒருவனும் கிடையாது.

வண்டிக்காரனின் மனைவி, தார் முடிகிற இடத்தில் பஞ்சர் கடை வைத்திருந்தாள். எல்லோருக்கும் அவள் பஞ்சர் அக்காதான். பாதை கெட்டால் அவளுக்குப் பிழைப்பு, பாதை சீரானால் புருஷனுக்குப் பிழைப்பு. எப்படிப் பார்த்தாலும் வீட்டில் அடுப்பு எரியும் என்று ஊர் கேலி செய்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள். பின்னால் அவனை விழுங்கிய குழி முதலில் விழுந்தது பாதையின் கழுத்து என்று சொல்லும் இடத்தில். ஒரு பக்கம் பாறை மேடு, மறு பக்கம் காலை வைத்தால் இடுப்புவரை இழுக்கிற உப்புச் சேறு, நடுவில் ஒரு வண்டி போகிற அகலம். வண்டிக்காரன் பச்சைக் கம்பை நட்டுவிட்டு நேரே கடைக்கு வந்தான்.

"கல்லு பொறுக்கிட்டு நின்னா ஐஸ் உருகிடும். கிழிஞ்ச டயரு கிடக்கே, அதைக் குடு. அடியில போட்டு மேல மண்ணைத் தள்ளிடறேன்."

"யாராவது பார்த்தா?"

"பார்க்கறவன் மட்டும் என்ன ஒழுங்கா? எல்லாரும் பண்றதுதான்."

அவன் சொன்னது பொய்யில்லை. எல்லோரும் ஏதாவது ஒரு அவசரத்தில் அப்படி மூடியிருக்கிறார்கள். அவளே நல்லதாகப் பார்த்து டயர்களைப் பொறுக்கிக் கொடுத்தாள். கம்பும் பிடுங்கப்பட்டது. டயருக்கு நடுவே இருக்கிற வெற்றிடத்தைப் பற்றி இருவரில் யாரும் யோசிக்கவில்லை. அதற்கப்புறம் பெய்த மழைதான் யோசித்தது.

அவன் முழுகிய அன்று ஊரே கயிறும் கொக்கியுமாக வந்தது. மனிதக் காலுக்கு முழங்கால் ஆழமாக இருந்த குழி, கயிற்றுக்கு அடியே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. ஒரு கயிற்றோடு இன்னொன்றை முடிந்தார்கள், அதோடு வலைக் கயிற்றை முடிந்தார்கள். கடைசியில் கயிறு இறுகியது. டிராக்டரைக் கட்டி இழுத்தார்கள். எடையே இல்லாமல் வந்தது. நுனியில் ஒன்றும் இல்லை, முடிச்சு ஒன்றைத் தவிர. பெட்டிகளை வண்டியோடு சேர்த்துக் கட்டுவதற்கு அவன் மட்டும் போடுகிற இரட்டை முடிச்சு, ஒன்றுமில்லாததைச் சுற்றிப் போடப்பட்டிருந்தது. பஞ்சர் அக்கா அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள். போதும், இனி இழுக்காதே என்று அவன் சொல்வதாக அவளுக்குப் பட்டது. உயிரோடு இருக்கிறான் என்றும் பட்டது. இரண்டும் சேர்ந்து வந்ததால் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் அந்த முடிச்சை அவிழ்க்காமல் அறுத்து எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

மறுநாள் தூக்குவாளியில் சாப்பாடு வைத்துக் கயிற்றில் இறக்கினாள். சாயங்காலம் இழுத்தபோது வாளி காலியாக, கழுவித் துடைத்து வந்தது. வீட்டில் இருந்தவரை ஒரு தட்டைக் கழுவாத மனுஷன், குழிக்குள் போய்த் திருந்தியிருக்கிறான் என்று ஐஸ் கடைக்காரர் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. அப்புறம் வருஷங்கள் போயின. அவள் காலையில் கடையைத் திறப்பாள், மதியம் வாளியை இறக்குவாள், சாயங்காலம் தூக்குவாள். குளிர்காலத்தில் கம்பளி இறக்கினாள், அது திரும்பவில்லை. வெயில் காலத்தில் கம்பளி மடித்து மேலே வந்தது. அமைதியான நாட்களில் தண்ணீருக்கு அடியில் முன்விளக்கின் மஞ்சள் தெரியும். பச்சைக் கம்பை அவள் மறுபடி நட்டு வைத்தாள், குழி மூடப்படவில்லை என்பதற்கு அடையாளமாக.

அந்தக் குழியால் கழுத்து அடைந்துபோனது. வண்டிகள் பாறை மேட்டைச் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. அச்சு முறிந்தது, ஐஸ் தண்ணீராயிற்று, மீன் வெயிலில் நாறியது. பஞ்சர் கடையில் மட்டும் கூட்டம் குறையவில்லை, அவளுக்கோ வேலை கையில் ஒட்டவில்லை. முனைக்காரர்கள் நேரில் வந்து ஒன்றும் கேட்கவில்லை. பார்த்துவிட்டுப் பேசாமல் போனார்கள், அது கேட்பதைவிட மோசம். ஐஸ் கடைக்காரர் மட்டும் பொறுமை இழந்து முறையை மீறினார். ஆள் வைத்து ஒரு டிராக்டர் கல்லைக் குழியில் கொட்டினார். மறுநாள் காலையில் அத்தனை கல்லும் பாதையோரம் அடுக்கியிருந்தது, மீன் பெட்டி அடுக்குகிற மாதிரி, பெரியது அடியில் சின்னது மேலே. அவன் குழியில் அடுத்தவன் கல் நிற்காது என்று எல்லோருக்கும் விளங்கியது. மூடுவதென்றால் பஞ்சர் அக்காவின் கைதான் மூட வேண்டும்.

வண்டிக்காரனின் தங்கை முனையில்தான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். படகுக்காரன் மனைவி. அண்ணன் குழியில் போன நாளிலிருந்து வாரம் தவறாமல் வந்து விளிம்பில் உட்காருவாள். கல் கொட்டிய செய்தி கேட்டு இடுப்பில் மகளோடு ஓடிவந்தாள்.

"அண்ணி, நல்லாக் கேட்டுக்கோங்க. அண்ணன் உள்ள சாப்பிட்டுட்டு உயிரோட இருக்காரு. ஊரு ஆயிரம் சொல்லும். உங்க கையால ஒரு கல்லு அவர் மேல விழுந்துச்சு, அப்புறம் நமக்குள்ள ஒட்டும் இல்ல, உறவும் இல்ல."

"நான் போடுவேன்னு நினைக்கிறியா?"

"நீங்க போட மாட்டீங்க. போட வெச்சிடுவாங்க."

இடுப்பில் இருந்த குழந்தை அத்தையின் கையில் ஒட்டியிருந்த ரப்பர் பசையை உரித்து விளையாடியது. அது வளர்ந்து, மாமாவுக்கு வாளி இறக்கும்போது கயிறு பிடிக்கிற அளவுக்கு ஆயிற்று. "மாமா, இன்னைக்கு உப்பு கம்மி, அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்று குழிக்குள் எட்டிப் பார்த்துக் கத்தும். அடியிலிருந்து ஹாரன் ஒருமுறை ஒலிக்கும். பிள்ளை இல்லாத பஞ்சர் அக்காவுக்கு அந்த ஒலிதான் நாளின் நல்ல நேரம்.

ஒரு மழைக்காலத்தில் குழந்தைக்கு மூச்சு முட்டியது. காய்ச்சல் என்று ஆரம்பித்தது நெஞ்சில் கட்டிக்கொண்டது. டிராக்டரில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். கழுத்து வழியே போகிற பாதை திறந்திருந்தால் குழந்தை ஒரு தூக்கம் போடுகிற நேரம்தான். பாறை மேட்டைச் சுற்றினார்கள். நனைந்த பாறையில் சக்கரம் வழுக்கியது, இறங்கித் தள்ளினார்கள், ஏறினார்கள், மறுபடி இறங்கினார்கள். மேட்டின் உச்சியில் இருந்து பார்த்தால் பஞ்சர் கடையின் தகரக் கூரை தெரியும், கைநீட்டினால் தொட்டுவிடலாம் போல. குழந்தை அங்கே, அப்பன் மடியில், அந்தக் கூரையைப் பார்த்தபடி அடங்கிப்போனது. கீழே கழுத்தில் ஹாரன் விடாமல் அடித்துக்கொண்டிருந்ததாக டிராக்டர்காரர் சொன்னார். அன்றைக்கு அவர் சுளுக்கைப் பற்றிப் பேசவில்லை.

சாவுக்கு வந்தவர்கள் கலைந்த பிறகு, படகுக்காரன் மனைவி பஞ்சர் கடைக்கு வந்தாள். முந்தானையில் எதையோ மூடிக்கொண்டு வந்தாள். கடைக்குள் ஒரு சக்கரம் கழற்றிக் கிடந்தது. அதன் பக்கத்தில் உட்கார்ந்து, மூடியிருந்ததை எடுத்துத் தரையில் வைத்தாள். முனையில் கிடைக்கிற கறுப்புக் கல்.

"அண்ணி, மூடிடுங்க."

பஞ்சர் அக்கா ட்யூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி வருகிற இடத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். குமிழி வந்துகொண்டே இருந்தது, அவள் கை அசையவில்லை.

"நான்தான் வேண்டாம்னு தடுத்தேன். நான் தடுக்காம இருந்திருந்தா என் பொண்ணு இருந்திருப்பா. அண்ணன்கூட இதைத்தான் சொல்லுவாரு. கேட்டுப் பாருங்க."

மறுநாள் மதியம் வாளியை இறக்கும்போது பஞ்சர் அக்கா குழியோரம் குந்தி உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். டயர் பொறுக்கிக் கொடுத்தது தான்தான் என்பதையும் சொன்னாள், அவனுக்குத் தெரியாதது போல. "குழந்தை போயிடுச்சுங்க. இன்னும் யாரும் போகக் கூடாது. என்ன பண்ணட்டும், நீங்களே சொல்லுங்க" என்றாள். ஹாரன் ஒலிக்கவில்லை. சாயங்காலம் கயிற்றை இழுத்தபோது கனத்தது. வாளியில் சாப்பாடு இல்லை. கழுவித் துடைத்த வாளிக்குள், வாளிக்கு அளவெடுத்தது போல ஒரு கல் இருந்தது. வழவழப்பாக, நெடுநாள் கையில் வைத்துத் தேய்த்த மாதிரி இருந்தது. முதல் கல்லை அவனே எடுத்துக் கொடுத்துவிட்டான். அவள் அதை மடியில் வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். பாதையில் போனவர்கள் வண்டியை நிறுத்திவிட்டு, அவள் அழுது முடிக்கும்வரை எஞ்சினை அணைத்துவிட்டு நின்றார்கள்.

அதற்கப்புறம் அவள் டயர் போடவில்லை. அடியில் பெரிய கல், இடுக்கில் சின்னக் கல், மேலே சரளை, அதற்கு மேல் களிமண் என்று, பாதையில் ஒருவரும் ஒருநாளும் மூடாத ஒழுங்கில் மூடினாள். ஊர் கல்லைக் கொண்டுவந்து ஓரத்தில் வைத்துவிட்டு விலகிக்கொண்டது. ஒவ்வொன்றையும் அவளே எடுத்துப் போட்டாள். நாத்தனார் கொடுத்த கறுப்புக் கல்லை முதலில் போட்டாள். அவன் அனுப்பிய கல்லை மட்டும் போட மனம் வரவில்லை. அது முடிச்சோடு வீட்டில் இருக்கிறது. எந்தக் கல்லும் திரும்பி வரவில்லை. முன்விளக்கின் மஞ்சள் நாளுக்கு நாள் மங்கி, கலங்கல் தண்ணீரின் நிறமாகி, ஒருநாள் தண்ணீரே இல்லாமல் போனது. இரண்டு பெண்களும் சேர்ந்து களிமண்ணை மிதித்துக் கெட்டியாக்கினார்கள். பச்சைக் கம்பைப் பிடுங்கியபோது ஹாரன் ஒன்று கேட்டது, ரொம்பத் தூரத்தில். முதலில் போனது முனைக்குத் தண்ணீர் கொண்டுபோன டிராக்டர்.

அன்று சாயங்காலமே தெரிந்துவிட்டது, குழி மூடிய இடத்தில் தரை சுடுகிறது என்று. ஓடி வந்து நின்ற வண்டியின் பேனட்டைத் தொட்டால் எப்படி இருக்குமோ அந்தச் சூடு. நாய்கள் முதலில் கண்டுபிடித்து அங்கே படுத்தன. குளிர்காலத்தில் முனைக்காரர்கள் இறங்கிக் கையைச் சூடேற்றிக்கொண்டு போனார்கள். மழையில் பாதை முழுக்கச் சேறானாலும் அந்த இடம் மட்டும் காய்ந்து கெட்டியாக இருந்தது. அங்கே ஒருநாளும் குழி விழவில்லை. வண்டியை அணைக்கவில்லை போலிருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். பஞ்சர் அக்கா வாளியை அந்தச் சூட்டின் மேல் வைத்துப் பார்த்தாள். சாப்பாடு ஆறாமல் இருந்தது, குறையவில்லை. சாயங்காலம் அவளே அதைச் சாப்பிட்டாள். அப்படி எத்தனையோ நாள்.

பிறகு ஒரு காலையில் சூடு குறைந்திருந்தது. மதியம் இன்னும் குறைந்தது. டிராக்டர்காரர் குனிந்து காதை வைத்துக் கேட்டுவிட்டு, "டீசல் தீர்ந்துபோச்சு, அக்கா. திக்கித் திக்கி ஓடுது" என்றார். எதிர்பார்த்ததுதான், இவ்வளவு நாள் ஓடியதே பெரிசு என்றார் ஐஸ் கடைக்காரர். பஞ்சர் அக்கா கடைக்குப் போய் ஒரு கேன் டீசல் எடுத்துவந்து தரையில் ஊற்றினாள். ஒரு சொட்டு ஓரத்தில் வழியவில்லை, வாசனைகூட நிற்கவில்லை. மண் குடித்தது. பொழுது சாய்வதற்குள் நாய்கள் திரும்பி வந்து படுத்துக்கொண்டன.

அன்றிலிருந்து முனைப் பாதையைப் பராமரிக்க மூன்று பொருள் வேண்டும் என்றாயிற்று: கல், சரளை, டீசல். கழுத்தைக் கடக்கிற ஒவ்வொரு வண்டியும் முறைவைத்து அங்கே கொஞ்சம் ஊற்றிவிட்டுப் போகிறது. புதிதாக வருகிற டிரைவர்களுக்கு, எந்த வளைவில் ஹாரன் அடிக்க வேண்டும் என்று சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறார்கள். கீழே ஓடுவது எஞ்சின் மட்டும்தானா, அவனும்தானா என்று பஞ்சர் அக்கா யாரையும் கேட்டதில்லை. மதியம் அவளும் படகுக்காரன் மனைவியும் வாளியைத் திறந்து அங்கே உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அவர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை வண்டிகள் நின்று காத்திருக்கும். எழுந்திருக்கும்போது பஞ்சர் அக்கா உள்ளங்கையைத் தரையில் வைத்துப் பார்ப்பாள். சூடு இருக்கும். வாளியைக் கழுவிக்கொண்டு கடைக்குப் போவாள்.